யாருடைய தேவைக்கு அந்தப் போன்?

ஏ/எல் முடிஞ்சு, வெட்டுப்புள்ளி வந்து, கெம்பஸ் கிடைச்சாச்சுன்னா நம்ம பக்கத்து வீடுகளில் அடுத்து வரும் பேச்சு போன் பற்றித்தான். நாவலப்பிட்டிக்கோ புசல்லாவைக்கோ கடைக்குப் போறதுக்கு முன்னாலேயே யூடியூபில் பத்து வீடியோ பார்த்திருப்போம். பத்துப் பேரும் கடைசியில் சொல்றது ஒண்ணுதான்: "உங்க தேவைக்கு ஏத்த போனை வாங்குங்க."

நல்ல அறிவுரைதான். ஆனா அந்த "உங்க" யாரு? வீடியோவில் வர்ற ஆள் தன் சம்பளத்தில் தனக்காக ஒரு போன் வாங்குறவர். அவர் அறையில் சிக்னலும் கரண்டும் எப்பவும் இருக்கு. கொத்மலைப் பக்கத்து லயத்தில் கதை வேற. கொழுந்து பறிச்சு காசு கட்டுறது அம்மா. இல்லன்னா கொழும்பில் கடையில் நிக்கிற அக்கா. புதுப் போனைப் பாவிக்கிறது தம்பி. தம்பியோட பழைய போன், கண்ணாடி வெடிச்சு, பாதி நாள் ஹேங் ஆகிற அந்தப் போன், அம்மா கைக்குப் போகும். இதை நாம யாரும் ஒரு பிரச்சினையாவே பார்க்கிறதில்லை. என்னைக் கேட்டா, போன் வாங்குறதில் நாம விடுற முதல் பிழை இதுதான். கெமரா, ரேம் எல்லாம் அதுக்கு அப்புறம்.

இதைச் சொன்னதும் இன்னொரு கூட்டம் "அதானே, தோட்டத்துப் பிள்ளைக்கு எதுக்கு விலை கூடிய போன்?" என்று கிளம்பும். அவங்களோட எனக்கு உடன்பாடு இல்லை. தீபாவளிக்குப் புதுத்துணி எடுத்தாலும் கணக்குக் கேட்கிற அதே வாய்தான் அது. 2020இல் பள்ளிக்கூடம் மூடி ஒன்லைன் வகுப்பு தொடங்கினப்போ, சிக்னலுக்காகப் பிள்ளைகள் மலையுச்சிக்கும் மரத்துக்கும் ஏறினதை நாடே பார்த்தது. போன் இல்லாத பிள்ளைக்கு அந்தக் காலத்தில் வகுப்பே இல்லை. அதனால போன் ஆடம்பரமா, அவசியமா என்ற வாதம் எப்பவோ முடிஞ்சுபோச்சு. இப்ப கேட்க வேண்டியது எந்தப் போன், யாருக்கு என்பதுதான்.

விலையை ரூபாயில் பார்க்காம பேரில் போட்டுப் பாருங்க. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அது 1550 என்றும், வருகைக்கான 200 ரூபாயும் சேர்த்து 1750 என்றும் அறிவிச்சாங்க. 70,000 ரூபாய் போன் என்றால் 40 பேர். மாசம் 20 நாள் வேலை கிடைச்சாலும் அது முழுசா ரெண்டு மாசம். அதுவும் கிலோ குறைஞ்சு அரைப்பேர் விழாம இருந்தா. சம்பளச் சிட்டையில் ஈபிஎப், சந்தா, தீபாவளி அட்வான்ஸ் என்று ஏற்கனவே வெட்டு இருக்கு. அதுக்கு மேல போன் தவணையும் வந்தா மாசக் கடைசியில் கையில் என்ன மிஞ்சும்? 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனதையும், 2024 ஜனவரியில் 18 வீத வற் வந்ததையும் பார்த்தவங்க நாம. விலை இறங்கும்னு காத்திருக்கச் சொல்லல. 40 பேருக்கு வாங்குறதை 20 பேருக்கு வாங்க முடியுமா, மிச்சம் 20 பேருக்கு வீட்டில் இன்னொருத்தருக்கும் ஒரு நல்ல போன் எடுக்கலாமான்னு பார்க்கச் சொல்றேன்.

சரி, எதைப் பார்த்து வாங்குறது? நம்ம மலைக்கு முதல் கேள்வி சிக்னல். பெட்டியில் 5ஜி என்று போட்டிருக்கிறதைப் பார்த்து காசு கூடக் கொடுக்கிறதுக்கு முன், உங்க லயத்தில் 4ஜியே நிக்குதான்னு பாருங்க. தகரக் கூரை சிக்னலை மறிக்கும். அதனாலதான் காம்பராவுக்குள்ள கட் ஆகிற கால், இஸ்தோப்புக்கு வந்தா கேட்குது. மலைக்கு இந்தப் பக்கம் ஒரு கம்பனி, அந்தப் பக்கம் இன்னொரு கம்பனி எடுக்கிற இடங்களில் ரெண்டு சிம் போடுற போன் கட்டாயம். இப்ப கால் பேசுறதும் 4ஜி வழியா நடக்குது. அந்த வசதி உங்க சிம்முக்கு அந்தப் போனில் வேலை செய்யுமான்னு கடையில் கேளுங்க. வெளிநாட்டிலிருந்து வர்ற சில போன்களில் அது வேலை செய்யாது. இதையெல்லாம் விடச் சுலபமான வழி, பக்கத்து லயத்தில் அதே போன் வெச்சிருக்கிறவங்களிடம் ஒரு நாள் இரவல் வாங்கி உங்க வீட்டுக்குள்ள வெச்சுப் பார்க்கிறது. எந்த வீடியோவும் அந்தப் பதிலைத் தராது.

ரெண்டாவது பெற்றரி. சிக்னல் குறைஞ்ச இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்னும். கொழும்பில் ஒன்றரை நாள் நிக்கிற போன் இங்க சாயங்காலமே படுத்துடும். அதனால 5000 எம்ஏஎச்சுக்குக் குறைய வேண்டாம்.

மூன்றாவது எஃப்எம் ரேடியோ. பலர் சிரிப்பாங்க. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தப்போ நுவரெலியா, கண்டி, பதுளைப் பக்கமெல்லாம் மண் சரிஞ்சு, ரோட்டும் கரண்டும் போய், பல இடங்களில் டவரும் நின்னுச்சு. டேட்டா இல்லாதப்போ வாட்ஸ்அப் இல்லை, ஃபேஸ்புக் இல்லை. எஃப்எம் ரேடியோவுக்கு டேட்டாவும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். ஆனா வயர் ஹெட்செட் குத்தினாத்தான் பெரும்பாலான போன்களில் அது எடுக்கும், அந்த வயர்தான் ஏரியல். புதுசா வர்ற பல போன்களில் ஹெட்செட் குத்துற ஓட்டையே கிடையாது. மண்சரிவு எச்சரிக்கைக்குக் காது கொடுத்து வாழுற ஊருக்கு அந்த ஓட்டை நாலாவது கெமராவை விட முக்கியம்.

நான்காவது, பதிவு. 2025 ஜனவரிக் கடைசியிலிருந்து தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதியாத புதுப் போன்கள் இங்குள்ள நெட்வேர்க்கில் இணையாது என்று அறிவிச்சிருக்காங்க. கடையில் காசு கொடுக்கிறதுக்கு முன் *#06# அடிச்சு 15 இலக்க ஐஎம்இஐ நம்பரை எடுங்க. ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் அடிச்சு, ஒரு இடம் விட்டு அந்த நம்பரைப் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினா பதில் வரும். ஒரு நிமிஷ வேலைதான். 40 பேர் உழைப்பு வீணாகாமல் காக்கும்.

கெம்பஸ் போற பிள்ளைக்கு என்ன வேணும்? கலைப்பீடத்து மாணவியா என் அனுபவத்தில், நாள் முழுக்க பிடிஎப் வாசிக்க கண்ணுக்கு வலிக்காத திரை, லைப்ரரியில் புத்தகப் பக்கத்தைத் தெளிவா எடுக்கிற கெமரா, 128 ஜிபி இடம். அவ்வளவுதான். 108 மெகாபிக்சலில் எடுத்தாலும் நோட்ஸ் அதே நோட்ஸ்தான். மிச்சக் காசில் பழைய லெப்டொப் ஒண்ணு தேடினா அசைன்மென்ட் அடிக்கவாவது உதவும்.

தேவையை முதலில் கேட்டுவிட்டு மெஷினை அப்புறம் வைக்கிறது இந்த ஊருக்குப் புதுசில்லை. கொத்மலை சமூக வானொலி 1989இல் தொடங்கினது. 1990களின் கடைசியில் யுனெஸ்கோ உதவியோட அங்கே இணைய வசதி வந்தது. வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் கொடுக்கல. நேயர்கள் கேள்வி அனுப்புவாங்க. அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, ரேடியோவில் விளங்கப்படுத்துவார். ஒரு கம்ப்யூட்டர் ஊருக்கே பயன்பட்டது. கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் இணையம் வெச்சாங்க. யாருக்கு என்ன தெரியணும் என்ற கேள்வியிலிருந்துதான் அந்த வேலை நடந்தது.

அதே கேள்வியை இப்ப நம்ம வீட்டுக்குள்ள கேட்போம். அம்மாவோட போனுக்கு என்னவெல்லாம் வருது? பேங்க் எஸ்எம்எஸ், தங்கச்சி வகுப்பு வாட்ஸ்அப் குரூப், வெளிநாட்டில் இருக்கிற சித்தியோட வீடியோ கால், மழை இறங்கினா "எங்க இருக்கீங்க?" என்று நாம எடுக்கிற கால். மலையில் நிக்கும்போது அவசரத்துக்கு அடிக்கிறதும் அதே போனில்தான். வீட்டிலேயே அதிகம் நம்ப வேண்டிய போன் அது. அதைத்தான் நாம வெடிச்ச கண்ணாடியோட கொடுத்து வெச்சிருக்கோம்.

"அம்மாவுக்குப் பாவிக்கத் தெரியாதே" என்பாங்க. தொட்டா பத்து நொடி கழிச்சு அசையிற போனை யாருக்குத்தான் பாவிக்கத் தெரியும்? எழுத்தைப் பெரிசாக்கி, மொழியைத் தமிழுக்கு மாத்தி, சத்தம் தெளிவா கேட்கிற ஒரு போனைக் கொடுத்து ரெண்டு நாள் பக்கத்தில் இருந்து காட்டிப் பாருங்க. வொயிஸ் மெசேஜ் அனுப்ப எழுதப் படிக்கத் தெரிஞ்சிருக்கணும்னு கூட இல்லை.

அதனால புதுப் போன் வாங்கும்போது ஒரு பேப்பரை எடுத்து வீட்டில் எல்லாரோட தேவையையும் எழுதுங்க. உழைச்சுக் காசு கொடுக்கிறவங்க பேர் முதல் வரியில் இருக்கட்டும். கடைக்குப் போற நாள் அவங்களையும் கூட்டிட்டுப் போங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிற போனை எடுத்து முதலில் அவங்க கையில் கொடுக்கச் சொல்லுங்க. எது பாரம், எதில் எழுத்து தெரியுது, எதில் சத்தம் கேட்குதுன்னு அவங்களே சொல்லட்டும்.