மாடறியாத நஞ்சு

நஞ்சுச் செடியை இனங்காண்பதற்குப் பொதுவிதி ஒன்றும் கிடையாது. இதை நேயர்கள், விசேடமாக மாணவர்கள், முதலில் மனத்திற்கொள்ளல் வேண்டும். பறவை கொத்திய பழத்தை மனிதரும் உண்ணலாம் என்பர் சிலர். நம்புதற்கில்லை. உண்ணிச்செடியின் கனியைப் பறவைகள் விரும்பி உண்டு, விதையை எங்கும் பரப்புகின்றன. அதே செடியின் இலையோ மாட்டைக் கொல்லவல்லது.

நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாத மலைக்கு யாத்திரிகர் ஏறும் மாதங்களிலேதான் வெயிலும் மிகும், புல்லும் காயும். பசித்த பசு அப்பொழுது உண்ணிச்செடியிலும் வாய் வைக்கும். அதன் நஞ்சு ஈரலைத் தாக்குகிறது. கண் மஞ்சளாகும், சாணம் இறுகும், மூக்கு, காது முதலிய வெளிறிய இடங்களில் வெயில்பட்ட தோல் வெந்து உரியும். இதைக் கண்ணேறு என்று கருதி மிளகாய் சுற்றிக்கொண்டிருந்தால், இரைப்பையில் தங்கிய தழை மேலும் நஞ்சைக் கக்கிக்கொண்டேயிருக்கும். மாட்டை உடனே நிழலிற் கட்டி, மிருக வைத்தியரை அழைப்பதே முறை.

பெரணியின் கேடு இன்னும் மெதுவானது. எல்லாப் பெரணியும் தீயதன்று. தரையிலிருந்து தனித்தனித் தண்டாக எழுந்து, முக்கோணமாய் விரிந்து, இலைவிளிம்பு உட்புறம் மடிந்திருப்பதே ஐயத்துக்குரியது. மாதக்கணக்கில் இதை மேய்ந்த மாடு இரத்தமாகச் சிறுநீர் கழிக்கும். நஞ்சு பாலிலும் இறங்குவதால் இது வீட்டாரின் காரியமுமாகிறது. ஜப்பானியர் இதன் இளந்தளிரைச் சாம்பல் நீரில் ஊறவைத்துச் சமைக்கின்றனர். நாம் அவ்வித்தையைப் பழகவேண்டிய அவசியமில்லை.

குழந்தைகளுக்கு அபாயமானது, மலைநாட்டு ஓடைக்கரைகளில் வெண்ணிறக் குழலாகத் தொங்கும் மர ஊமத்தம் பூ. நாட்டு ஊமத்தையின் பூ நிமிர்ந்து நிற்கும். காயில் முள் இருக்கும். இதன் பூ தலைகீழாகத் தொங்கும். காயில் முள் இராது. நஞ்சு இரண்டிலும் ஒன்றே. உண்டவர்க்கு வாய் உலரும், முகம் சிவக்கும், கண்மணி விரியும், பேச்சுப் பிதற்றலாகும். பூவைக் கசக்கிய கையால் கண்ணைத் தேய்த்தாலே அக்கண்மணி மட்டும் விரிந்துவிடும்.

உண்டது எதுவாயினும், உப்புநீர் கொடுத்து வாந்தியெடுக்கச் செய்தல் கூடாது. இலை, பூ, காயுடன் ஒரு கொப்பை ஒடித்து, நோயாளியுடன் ஆசுபத்திரிக்குக் கொண்டு செல்க. கொழும்புத் தேசிய வைத்தியசாலையிலுள்ள நஞ்சுத் தகவல் நிலையத்தினர் வைத்தியர்க்கும் பொதுமக்களுக்கும் தொலைபேசியிலேயே ஆலோசனை கூறுகின்றனர்.