தொண்ணூறு சதம் போனப்புறம்தான் உப்பு

மரக்காணம் பக்கம் ஈசிஆர்ல போறவங்க உப்பளத்தைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டி போட்டோ எடுப்பாங்க. எனக்கு அங்க போனா கணக்குப் பாடம்தான் ஞாபகம் வரும் :-)

ஆயிரம் லிட்டர் கடல் தண்ணியை எடுத்துக்குங்க. அதுல உப்பு சுமார் 35 கிலோ. வெயில்ல 50% வத்திடுச்சு, உப்பு ஒரு கல்லு கூட விழாது. மிச்சத்துல 60% வத்தினா 200 லிட்டர். இப்பவும் ஜிப்சம்தான் படியும். அதுலயும் 50% போய் 100 லிட்டருக்கு வந்தாத்தான் நாம சாப்பிடற உப்பு விழ ஆரம்பிக்கும். 50, 60, 50 கூட்டினா 160%. ஆனா பாத்தியில இன்னும் 100 லிட்டர் நிக்குதே! ஆடித் தள்ளுபடியில '50% + 20%' போர்டைப் பார்த்துட்டு 70%னு சந்தோஷப்படறோமே, அதே கதை. அது 60% தான்.

துணிக்கடையில ஏமாந்தா நூறு இருநூறோட போச்சு. பிரஷர் இருக்கறவங்க 'சோடியம் 15% குறைவு' பாக்கெட்டை நம்பறது அப்படியில்லை. ஒருத்தர் நாளைக்கு 10 கிராம் உப்பு சாப்பிட்டா, இந்த பாக்கெட்டுல அது எட்டரை கிராம் சாதா உப்புக்குச் சமம். உலக சுகாதார நிறுவனம் சொல்றது 5 கிராமுக்குக் கீழ. 'குறைவுதானே'னு கூட ரெண்டு சிட்டிகை போட்டு, அது 18% அதிகமாயிட்டா பழைய இடத்துக்கே வந்தாச்சு.

மாத்து உப்பே வேஸ்ட்டுனு சொல்லலை. சீனாவுல 600 கிராமங்கள்ல, கிட்டத்தட்ட 21,000 பேரை வச்சு நடந்த ஆய்வு 2021ல வெளியாச்சு. கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு கொடுத்தாங்க. பக்கவாதம் 14% குறைஞ்சுதுனு தலைப்பு வரும். எதுலேர்ந்து எதுக்கு? ஆயிரம் பேருக்கு வருஷத்துக்கு 33.65லேர்ந்து 29.14க்கு. அதாவது நாலஞ்சு பேர் தப்பிச்சாங்க. என்னைக் கேட்டா 14%ஐ விட இந்த நாலஞ்சு பேர்தான் பெரிய செய்தி. ஆனா அவங்கெல்லாம் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவங்க, இல்லைன்னா 60 தாண்டி பிரஷர் இருக்கறவங்க. ஆயிரத்துல ஒருத்தருக்கு வர்ற வயசுல அதே 14% குறைஞ்சா, ஒருத்தரைக் காப்பாத்தவே ஏழாயிரம் பேர் உப்பை மாத்தணும்.

டிஸ்கி: கிட்னி கோளாறு இருக்கறவங்க, பொட்டாசியத்தை ஏத்தற பிபி மாத்திரை சாப்பிடறவங்க டாக்டரைக் கேக்காம இந்த உப்பைத் தொடாதீங்க. பொட்டாசியம் ரத்தத்துல தங்கிடும்.