முதலில் மரச்சீனி, பிறகு மன்னர்



ரிட்டையர் ஆனபிறகு சரித்திர நாவல் எழுத ஆரம்பித்தது உங்களில் பலருக்குத் தெரியும். களம், நம்ம குளச்சல் போர். 1741 ஆகஸ்ட் 10, மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த நாள். மூன்று அத்தியாயம் முடித்தேன். அதில் ஒரு தாய், போருக்குப் போகும் மகனுக்கு மரச்சீனி அவித்துக் கொடுக்கிறாள்.

பிறகுதான் படித்தேன். திருவிதாங்கூரில் மரச்சீனி பரவலானது விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில், 1880களில்! உங்கள் நோட்டில் சிவப்பு மையால் சுழித்த கை, இப்போது என் நோட்டையே சுழித்தது.

என் அபிப்பிராயம் இதுதான். ராஜாவுக்கும் போருக்கும் புத்தகங்கள் உண்டு. சாதாரண மனுஷன் என்ன தின்றான், எதை விற்றான், யாரிடம் கடன்பட்டான் என்பது நம் வீட்டுப் பழைய பெட்டிகளில்தான் கிடக்கிறது. முதல் நாவல் எழுதுகிறவர் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

1956 நவம்பர் 1-ல்தான் நம்ம மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தது. அதனால் பழைய பத்திரங்கள் பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் இருக்கும். அதோடு 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு. ஆவணி பிறந்து டிசம்பர் முடியும்வரை உள்ள தேதி என்றால் 824.

அவற்றை வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஓலையோ பத்திரமோ இருந்தால் ஆக்கர் கடையில் போட்டுவிடாதீர்கள். ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். என் நாவல் வராமல் போனாலும், உங்கள் குடும்பக் கதையாவது மிஞ்சும்.