ஏழு பேர்ச் நிலத்துக்கு எத்தனை தலைமுறை?

மலைநாட்டுத் தமிழன் வீடு வாங்கக்கூடாது என்று இந்நாட்டில் இன்று எந்தச் சட்டமும் இல்லை. பணமிருந்தால் பதுளையிலே வாங்கலாம், பண்டாரவளையிலே வாங்கலாம், ஹப்புத்தளையிலும் பசறையிலும் வாங்கலாம், தடுப்பார் யாருமில்லை. இப்படிச் சொல்கிறார்கள், தலைநகரிலே அமர்ந்து கொள்கை வகுக்கும் கனவான்கள். உண்மைதான்! கைகால்களைக் கட்டி ஆற்றிலே எறிந்துவிட்டு, நீந்துவதற்குத் தடையில்லை என்று சொல்வது போன்ற உண்மை அது!

சந்தை எல்லோருக்கும் பொது என்கிறார்கள். அந்தச் சந்தைக்குள்ளே சற்று நுழைந்து பார்ப்போம்.

ஊவாவின் மலைச்சரிவுகளிலே இன்று காணியின் விலையை ஏற்றுபவர் யார்? எல்லவிலும் தெமோதரையிலும் உல்லாசப் பயணிகளுக்கு விடுதி கட்ட வருபவர். கொழும்பிலே சேர்த்த பணத்தைக் குளிர்ந்த மலையிலே முதலிட வருபவர். அந்நிய நாட்டிலே உழைத்த செல்வத்தோடு திரும்புபவர். அவர்கள் வாங்குவதைக் குற்றமென்று நாம் கூறவில்லை. ஆனால் அவர்களோடு அதே ஏலத்திலே நின்று விலை கேட்கும்படி கொழுந்து பறிக்கும் பெண்ணையும், கவ்வாத்து வெட்டும் தொழிலாளியையும் அனுப்புவதற்குப் பெயர் போட்டியா? யானையோடு ஆட்டுக்குட்டியை மோதவிட்டு, விதி இருவருக்கும் ஒன்றே என்பதா நீதி?

கணக்கைப் பார்ப்போம். நாட்கூலி 1,750 ரூபா என்று 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்திலே அறிவித்தார்கள். அதிலும் 200 ரூபா வரவுக்கான ஊக்கத் தொகை. மாதம் 25 நாட்கள் தவறாமல் வேலை கிடைத்தாலும் கையில் வருவது 43,750 ரூபா. அதிலே சேமலாப நிதிக்குப் பிடிப்பது போக, அரிசி மாவுக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும், நோய் நொடிக்கும் கொடுத்தது போக, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி மாதம் 5,000 ரூபா மிச்சம் பிடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நகரத்தை விட்டு ஒதுங்கிய இடத்திலே ஒரு பேர்ச் இரண்டு லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். ஏழு பேர்ச்சுக்குப் பதினான்கு லட்சம். அதைச் சேர்க்க 280 மாதங்கள்! இருபத்து மூன்று ஆண்டுகள், நான்கு மாதங்கள்! அதுவும் வெறும் நிலத்துக்கு. அதன்மேல் ஒரு கல்லை வைக்க இன்னொரு பிறவிதான் எடுக்க வேண்டும். அந்த இருபத்து மூன்று ஆண்டுகளும் காணியின் விலை அவனுக்காகக் காத்திருக்குமா?

வங்கி இருக்கிறதே, கடன் வாங்கலாமே என்பர். வங்கியின் வாசலிலே முதற் கேள்வி என்ன? “உறுதி இருக்கிறதா?” என்பதுதான். கிராமத்தான் தன் தந்தை விட்டுச் சென்ற காணியை ஈடுவைத்துக் கடன் பெறுகிறான். நகரத்தான் பழைய வீட்டை விற்றுப் புது வீடு வாங்குகிறான். வீடு உள்ளவனுக்கே வீடு வாங்க வழி பிறக்கும். இதுவே சந்தையின் இரகசியம்! ஐந்து தலைமுறையாகத் தோட்டத்திலே வாழ்ந்தவனின் கையிலே என்ன இருக்கிறது? பன்னிரண்டடிக்குப் பத்தடி என்று பேர்பெற்ற லயக் காம்பரா ஒன்று, அதுவும் அவனுடையதன்று! கூரையை மாற்றவும் சுவரை நகர்த்தவும் துரையின் அனுமதி வேண்டும். ஈடுவைக்க இயலாது, விற்க இயலாது, பிள்ளைக்கு எழுதிவைக்க இயலாது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது தமிழர் முதுமொழி. எலிக்கு உள்ள உரிமைகூட இவர்களுக்கு இல்லை!

இந்த நிலை தானாக வந்ததன்று; சட்டத்தால் உண்டாக்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால், உரிமைச் சான்று காட்ட இயலாத நிலமெல்லாம் முடிக்குரியது என்றாக்கினான் வெள்ளையன். கண்டி மலைநாட்டின் காடுகளை அந்நாளில் ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்குத் தன் இனத்தவனுக்கு விற்றான். சிங்களக் குடியானவன் மேய்ச்சல் நிலத்தையும் காட்டையும் இழந்தான். கடல் கடந்து கொண்டுவரப்பட்ட தமிழன் அந்த நிலத்திலே உழைத்து மாண்டான். இருவரையும் வஞ்சித்தது ஒரே கைதான்! அதை மறந்து இருவரும் ஒருவரையொருவர் முறைத்து நிற்க வேண்டும் என்பதே ஆள்வோரின் ஆசை.

பிறகு என்ன நடந்தது? 1935இல் வந்த காணி அபிவிருத்திச் சட்டம் அரச காணியைப் பகிர்ந்தபோது, இந்திய வம்சாவளித் தொழிலாளிக்கு அதிலே இடமில்லை. 1948இல் குடியுரிமை பறிபோயிற்று. அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் போயிற்று. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று மனிதரை மந்தைபோல் பங்கிட்டனர். 1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தம் வந்தது, தோட்டங்கள் கைமாறின, தொழிலாளிக்கு ஒரு பிடி மண் வரவில்லை. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியாரிடம் போயிற்று. பின்னர் 53 ஆண்டுக் குத்தகையாயிற்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியவர்களையும் குடிமக்களாக்கியது. குடிமகனானான், ஆனால் குடியிருக்கும் மண்ணுக்கு உரியவன் ஆனானா?

இது வெறும் சொத்துத் தகராறு என்று எண்ணுவோர் கொஸ்லாந்தைக்குச் செல்லட்டும். 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையிலே மீரியபெத்தை மலை சரிந்து லயங்களை உயிரோடு விழுங்கியது. அங்கே அபாயம் உண்டு என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்தோம் என்றார்கள் அதிகாரிகள். எச்சரித்தீர்கள், சரி, எங்கே போகச் சொன்னீர்கள்? காலடி வைக்க ஒரு பேர்ச் சொந்த நிலம் இருந்தவர்களா அவர்கள்? 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயலின் பெருமழையிலே பதுளை மாவட்டத்து மலைகள் மீண்டும் சரிந்தன. மீண்டும் அதே ஓலம் எழுந்தது. பாதுகாப்பான நிலத்துக்குப் போ என்று சொல்வது எளிது. அந்த நிலத்துக்கு விலை கொடுக்க இயலாதவனுக்கு அது எச்சரிக்கையன்று. மரணத்தை முன்கூட்டி அறிவிக்கும் ஓலை!

வீடுகள் கட்டப்படவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. இந்திய உதவியால் 4,000 வீடுகள் எழுந்தன. மேலும் 10,000 வீடுகள் தருவதாக 2017இல் நோர்வூட்டிலே இந்தியப் பிரதமர் மோடி அறிவித்தார். 2025 அக்டோபரில் பண்டாரவளையிலே 2,000 பேர்வரை வீட்டு உரிமைப் பத்திரம் பெற்றனர். வரவேற்கிறோம். ஆனால் லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் காத்திருக்கையிலே, ஆயிரங்களை எண்ணி மாலை சூடிக்கொள்வது முறையா? கொடுக்கும் தாளுக்கும் ஓர் உரைகல் உண்டு. அதை எடுத்துச் சென்றால் வங்கி கடன் தருமா? பிள்ளையின் பெயருக்கு மாற்ற முடியுமா? தோட்டத்திலே வேலையை விட்டாலும் வீடு நிலைக்குமா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது உறுதி. இல்லையென்றால் அது வெறுங்காகிதம்!

தேயிலை நிலம் குறைந்துவிடும் என்று கம்பனிகள் கண்ணீர் வடிக்கின்றன. இரண்டு லட்சம் குடும்பங்களுக்குப் பத்துப் பேர்ச் வீதம் கொடுத்தாலும் ஆவது இருபது லட்சம் பேர்ச். ஏக்கருக்கு 160 பேர்ச் என்றால் 12,500 ஏக்கர். நாட்டின் தேயிலை நிலமோ ஏறத்தாழ ஐந்து லட்சம் ஏக்கர்! நூற்றுக்கு இரண்டரை. அதிலும் ஒரு பகுதியில் இன்றே லயங்கள் நிற்கின்றன. நாட்டின் தேயிலையில் பாதிக்கு மேல் விளைவிப்பவர்கள் சிறு நில உடைமையாளர்களே. நிலம் சொந்தமானால் தேயிலை அழியாது, தழைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

உறுதி கொடுத்தால் விற்றுக் குடித்துவிடுவார்கள் என்று வேறு சிலர் ஏளனம் பேசுகின்றனர். கொழும்பிலே காணி உறுதி எழுதும்போது எந்த நொத்தாரிசாவது வாங்குபவனின் குடிப்பழக்கத்தை விசாரிப்பதுண்டா? ஏழைக்கு மட்டும் ஏன் இந்த ஒழுக்கச் சோதனை? அஞ்சினால் கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதுங்கள். ஒருவர் ஒப்பாமல் மற்றவர் முழுவதையும் விற்க இயலாது!

நாம் பிச்சை கேட்கவில்லை. மண்சரிவு அபாயமற்ற இடத்திலே பத்துப் பேர்ச். கணவன் மனைவி இருவர் பெயரிலும் தெளிவான உறுதி. அந்த உறுதியின்மேல் குறைந்த வட்டியிலே கடன். குத்தகைக்கு விட்ட நிலத்துக்கு உரிமையாளன் அரசாங்கமே. ஆகவே மனமிருந்தால் வழியுண்டு. சந்தையிலே போட்டியிட மலைநாட்டுத் தமிழன் அஞ்சவில்லை. முதலில் அவனுடைய கட்டுகளை அவிழ்த்துவிடுங்கள்!

தேர்தல் வரும், தலைவர்கள் வருவார்கள், நமுனுகுலை மலையளவு வாக்குறுதிகளும் வரும். வாக்குக் கேட்டு லயத்து வாசலிலே நிற்பவரைப் பார்த்து, பதுளையிலும் பசறையிலும் லுணுகலையிலும் ஹாலிஎலவிலும் ஒவ்வொரு தாயும் ஒரே கேள்வியைக் கேட்கட்டும்: “ஐயா, எங்கள் உறுதி எங்கே?”