வீட்டு நாயின் குணம் திடீரென்று மாறினால்…



நேற்றுவரை பிள்ளைகளோடு ஓடியாடிய நாய், இன்று தொட்டதும் சீறுகிறது. அல்லது சோற்றைத் தொடாமல் மூலையில் போய் ஒடுங்கிக்கொள்கிறது. 'திமிர்' என்று சிலர் தடியை எடுப்பார்கள். 'வெறி பிடித்துவிட்டது' என்று சிலர் அடித்தே கொன்றுவிடுவார்கள். இரண்டுமே அவசரம். வாயில்லாச் சீவன் தன் உடம்பு நோவதைக் குணத்தால்தான் காட்டும்.

முதலில் வலியைத் தேடுங்கள். காதில் சீழ் வைத்த நாய் தலையைத் தடவினால் கடிக்க வரும். பல் சொத்தை, மூட்டு வலி, காலில் ஏறிய முள் ஆகியவையும் அப்படியே. வயதான நாய்க்குக் கண்ணும் காதும் மங்கியிருந்தால், அருகில் போனதும் திடுக்கிட்டுக் கடிக்கும்.

குளுவாங், சிகாமட், கூலாய்ப் பக்கத்துத் தோட்டங்களில் இருப்போர் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, உண்ணியால் வரும் காய்ச்சல்: நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, சில வேளை மூக்கில் இரத்தம் வடியும். மற்றொன்று, செம்பனைக் காட்டில் வைக்கும் எலி மருந்து. அதைத் தின்ற நாய்க்கு உடனே ஒன்றும் தெரியாது; சில நாள் கழித்தே உள்ளே இரத்தம் கசிந்து தளரும். மருந்தின் உறையையும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நம் வீட்டுக் காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்; அது நாயின் ஈரலைக் கெடுக்கும்.

தடுப்பூசி போடாத குட்டிகளுக்கு 'டிஸ்டெம்பர்' வரும். கண்ணும் மூக்கும் ஒழுகி, பிறகு தாடை வெட்டி வெட்டி இழுக்கும். இதைப் பார்த்தும் வெறி என்று நினைப்பவர்கள் உண்டு.

அப்படியானால் ரேபிஸ் என்னும் வெறிநோய் நம் நாட்டில் இல்லையா? உண்டு. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் தலைகாட்டியது. 2017இல் சரவாக்கில் பரவி, செரியான் வட்டாரத்தில் சிறுபிள்ளைகளின் உயிரையே பறித்தது. ஜொகூர் தூரம்தானே என்று அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

குரல் மாறி, எச்சில் ஒழுகி, தாடை தொங்கி, விழுங்க முடியாமல் தவிக்கும் நாயின் வாயில், எலும்பு சிக்கியதாக எண்ணிக் கையை விடாதீர்கள். எச்சிலில்தான் நோய்க்கிருமி இருக்கிறது. பிள்ளைகளை விலக்கி, முடிந்தால் தூர நின்றே நாயை அடைத்துவிட்டு, கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லுங்கள்.

நாய் கடித்துவிட்டால், சவர்க்காரம் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சளும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். 1885இல் பிரான்சில் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக ஊசி போட்டுக் காப்பாற்றினார். காலத்தோடு போட்டால் ஊசி காக்கும். நோய்க்குறி தோன்றிய பிறகு காப்பாற்றுவது அநேகமாக இயலாது.

கடித்த நாயைக் கொன்று புதைக்காதீர்கள். கட்டிவைத்து 10 நாள் கண்காணித்தால், கடித்த வேளையில் அதற்கு வெறிநோய் இருந்ததா என்பது தெரிந்துவிடும். ஆனால் அதற்காக மனிதருக்குப் போடும் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

நாய் என்றைக்கு மாறியது, என்ன தின்றது, எங்கே சுற்றியது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். நாயால் சொல்ல முடியாததை மருத்துவருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.