நாயின் தடுப்பூசி அட்டை யாருக்காக?

மாடு வைத்திருப்பவருக்குக் கோமாரி என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. வாயிலும் குளம்பிடுக்கிலும் புண் வரும், பால் வற்றும், ஒரு தொழுவத்தில் வந்தால் ஊர் முழுக்கப் பரவும் என்று அவருக்கே தெரியும். கோழி வளர்ப்பவருக்கு வெள்ளைக் கழிச்சலும், ஆடு வளர்ப்பவருக்குத் துள்ளுமாரியும் அப்படித்தான். கால்நடை பராமரிப்புத் துறையின் தடுப்பூசி முகாம் அறிவிப்புகளும் இதே பெயர்களில் வருவதால், எந்த ஊசி எதற்கு என்ற குழப்பம் எழுவதில்லை. நாய், பூனை வளர்ப்பில் இந்தத் தெளிவு கிடையாது. நாய்க்குட்டி வாங்கியவர் கையில் கிடைக்கும் தடுப்பூசி அட்டையில் டி.எச்.பி.பி.ஐ., எல் என்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். பக்கத்தில் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய லேபிளும் தேதியும் கையெழுத்தும் இருக்கும். பணம் கட்டியதற்கான ரசீதுபோல அதை மடித்து வைத்துக்கொள்கிறார்கள். வாயில்லாப் பிராணிக்காக மருத்துவரிடம் பேச வேண்டியவர் வளர்ப்பவர் ஒருவரே. அவருக்குப் புரியாத அட்டையும் சீட்டும் பாதிச் சிகிச்சைதான்.

அந்த எழுத்துகளையே எடுத்துக்கொள்வோம். டிஸ்டெம்பர், தொற்றுக் கல்லீரல் அழற்சி, பார்வோ, பாராஇன்ஃப்ளுயன்சா, லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக் காய்ச்சல் ஆகியவற்றைக் குறிப்பவை அவை. பட்டியலில் ரேபிஸ் இல்லை. ‘செவன் இன் ஒன்’, ‘நைன் இன் ஒன்’ என்று கூட்டு ஊசிகள் விற்கப்படும்போது, இத்தனை நோய்க்குப் போட்டாயிற்று, வெறிநோய்க்கும் சேர்த்துத்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் எலிக் காய்ச்சல் கிருமியின் வெவ்வேறு வகைகளைத் தனித்தனியாக எண்ணியும் அந்த எண்கள் கூடுவதுண்டு. ரேபிஸ் தடுப்பூசி பெரும்பாலும் குட்டிக்கு மூன்று மாதம் ஆகும்போது தனியாகப் போடப்படுவது. அறிகுறி தென்பட்ட பிறகு ஏறக்குறைய யாருமே பிழைக்காத நோய் அது. மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 விழுக்காடு வரை நாய்கள் வழியாகவே வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ‘பூஸ்டர்’ என்பதும் இப்படித்தான் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. தாயிடமிருந்து குட்டிக்கு வரும் எதிர்ப்புச் சக்தி சில வாரங்களுக்குத் தடுப்பூசியை வேலை செய்ய விடாது. அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, ஏறத்தாழ 16 வாரம் வரை இடைவெளி விட்டுப் போடுகிறார்கள். இந்தக் காரணம் தெரியாதவர், ‘முதல் ஊசிதான் போட்டாச்சே’ என்று அடுத்த தவணையைக் கைவிடுகிறார். குட்டி ரத்தக் கழிச்சலோடு பார்வோவில் விழுகிறது.

இங்கே ஒரு மறுப்பு வரும். நோய்களின் பெயரும் மருந்தின் பெயரும் தெரிந்துவிட்டால் ஆளாளுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கிவிடுவார்களே, அரைகுறை அறிவு ஆபத்தல்லவா? ஆபத்துதான். ஆனால் வீட்டு வைத்தியம் இப்போதே நடக்கிறது, அதுவும் தெரியாமையால் நடக்கிறது. நாய்க்கும் பூனைக்கும் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். மனிதக் கணக்கில் அது காய்ச்சல். தொட்டுப் பார்த்துச் சுடுகிறது என்று மனிதருக்கான பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுப்பவர்கள் உண்டு. அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஒரே மாத்திரையில் பூனை சாகலாம். நாய்க்கென்று விற்கும் சில உண்ணி மருந்துகளில் உள்ள பெர்மெத்ரினும் பூனைக்கு நஞ்சு. ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று பொதுவாகச் சொல்கிறோம். எர்லிக்கியாவும் பபீசியாவும் வேறு வேறு கிருமிகள், இரண்டுக்கும் மருந்து வேறு. இதைத் தெரிந்துகொண்டவர், பக்கத்து வீட்டு நாய்க்கு எழுதிய சீட்டைக் காட்டி மருந்து வாங்கத் தயங்குவார். தானாக மருந்து கொடுக்காமல் இருப்பதற்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

கடையில் விற்கும் சாமான்களுக்கும் இது பொருந்தும். அறுவை சிகிச்சைக்குப் பின் தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் புனல் வடிவப் பட்டைக்கு ‘ஈ காலர்’ என்று பெயர். மின்னதிர்ச்சி கொடுத்து நாயைப் பழக்கும் பட்டையும் அதே பெயரில் விற்பனையாகிறது. ஒன்று காயத்தைக் காப்பது, மற்றது வலி கொடுப்பது. வாய்ப்பூட்டிலும் இரண்டு வகை உண்டு. நாய்க்கு நம்மைப்போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். வாயை இறுக்கி மூடும் துணிப் பூட்டைச் சித்திரை வெயிலில் மாட்டி நடத்திச் சென்றால் வெப்பத் தாக்கு வரும். கூடை வடிவப் பூட்டில் இளைக்கலாம், தண்ணீரும் குடிக்கலாம். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பாதையே குறுகல். அவற்றைக் கழுத்தை இறுக்கும் சங்கிலியில் இழுப்பதைவிட மார்பைச் சுற்றிப் பிடிக்கும் ஹார்னஸ் நல்லது. மைக்ரோசிப்பை, நாய் எங்கே போனாலும் காட்டிக்கொடுக்கும் கருவி என்று நம்புபவர்களும் இருக்கிறார்கள். அதில் பேட்டரியும் இல்லை, ஜி.பி.எஸ்.ஸும் இல்லை. ஸ்கேனரை அருகில் கொண்டுபோனால் 15 இலக்க எண் ஒன்றைக் காட்டும், அவ்வளவுதான். அந்த எண்ணோடு உங்கள் தொலைபேசி எண் பதிவாகியிருந்தால்தான் தொலைந்த நாய் வீடு திரும்பும். சென்னை மாநகராட்சி நாய் உரிமத்துக்குச் சிப் கேட்கும் இக்காலத்தில் இந்த வேறுபாடு தெரிந்திருப்பது அவசியம்.

நகரத்து வசதி படைத்தவர்களின் கவலை இது என்று ஒதுக்குபவர்களும் உண்டு. கன்னியும் சிப்பிப்பாறையும் கோம்பையும் கிராமத்தில் வளரும் நாய்கள். தோட்டத்துக் காவல் நாயின் ரேபிஸ் தவணை தவறினால் கடிபடுவது அந்த வீட்டுக் குழந்தைதான். குட்டிக்குக் குடற்புழு நீக்க மருந்து கொடுக்காவிட்டால், அதன் வயிற்று உருளைப்புழுவின் முட்டைகள் மண் வழியாக அதே குழந்தையைச் சேரும். எனவே இது பொதுச் சுகாதாரத்தின் பாடு. மருத்துவருக்கு விளக்க நேரமில்லை என்பது நியாயமான குறை. கூட்டம் நிறைந்த அரசுக் கால்நடை மருந்தகத்தில் ஒவ்வொருவருக்கும் வகுப்பெடுக்க முடியாதுதான். அதற்காகத்தான் அச்சடித்த அட்டையே விளக்க வேண்டும் என்கிறோம். தமிழில் கலைச்சொல் இல்லை என்ற சாக்கும் நிற்காது. பார்வோவைப் பார்வோ என்றே எழுதலாம். ‘குடலைத் தாக்கும், ரத்தக் கழிச்சல் வரும், குட்டிகளைக் கொல்லும்’ என்று பக்கத்தில் ஒரு வரி இருந்தால் போதும்.

குழந்தைகளின் தடுப்பூசி அட்டையைத் தமிழில் தந்து, எந்த ஊசி எப்போது என்று தாய்மார்களைக் கேட்க வைத்த மாநிலம் இது. கால்நடை பராமரிப்புத் துறையும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் சேர்ந்து நாய்க்கும் பூனைக்கும் ஒரே மாதிரியான தமிழ் அட்டையை உருவாக்குவது பெரிய செலவல்ல. எந்த நோய்க்கு, எந்தத் தேதியில், அடுத்தது எப்போது, ரேபிஸ் சேர்ந்ததா என்ற நான்கு விவரங்கள் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். உண்ணி மருந்து விற்கும் நிறுவனங்கள் ‘பூனைக்குக் கூடாது’ என்பதைத் தமிழிலும் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். அதுவரை வளர்ப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஊசி போட்டதும் எழுந்து வந்துவிடாமல், அட்டையை நீட்டி, ‘இதில் ரேபிஸ் இருக்கிறதா, அடுத்தது எப்போது?’ என்று மருத்துவரிடம் கேட்டு, பதிலைத் தமிழில் அதே அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.