“பதில் வருதே, தம்பி!”

போன மாதம் 14ஆம் தேதி, இரவு ஒன்பதரை இருக்கும். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. கிள்ளானில் சிறிய கணக்கியல் அலுவலகம் நடத்தும் அக்கா ஒருவர். நம் பகுதியின் நீண்ட நாள் வாசகி. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் கிள்ளான் அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

“தம்பி, அம்மாவுக்கு முடியலன்னு தைப்பிங் வந்துட்டேன். நாளைக்கு 15. பதினோரு கம்பெனிக்கு இபிஎஃப், சொக்சோ கட்டணும். ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ள போகவே முடியல. காலையில அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். ராத்திரியே முடிச்சாதான் உண்டு.”

இபிஎஃப் அகப்பக்கத்தை எங்கிருந்தும் திறக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். திறக்கலாம்தான். ஆனால் யாருக்கு எவ்வளவு சம்பளம், எத்தனை நாள் விடுப்பு என்ற கணக்கெல்லாம் கிள்ளான் கணினியில் இருக்கிறது. தவணை தவறினால் தாமதக் கட்டணம் முதலாளிகள் தலையில் விழும். பிறகு அவர்கள் யாரிடம் கணக்குக் கேட்பார்கள் என்பது அக்காவுக்கு நன்றாகவே தெரியும்.

தூரத்தில் இருக்கும் கணினிக்குள் போக அவர் பயன்படுத்துவது விண்டோசிலேயே வரும் ‘ரிமோட் டெஸ்க்டாப்’. முதலில் விபிஎன் வழியாக அலுவலகக் கட்டமைப்புக்குள் நுழைந்து, பிறகு அந்தக் கணினியின் எண்ணைக் கொடுத்து இணைய வேண்டும். கிள்ளான் வீட்டில் இருந்து இரண்டு வருடமாக அப்படித்தான் வேலை செய்கிறார். ஒரு நாளும் தகராறு இல்லை.

நான் எப்போதும் கேட்கும் முதல் கேள்வி, “அந்தக் கம்ப்யூட்டர் ஓடுதா?” என்பதுதான். கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். ஆனால் இணையவில்லை என்று வரும் அழைப்புகளில் நிறைய, கணினி தூங்கிப் போனதால் வருபவை. அக்கா விவரமானவர். கடைவீட்டின் மேல்மாடியில் தங்கியிருக்கும் அலுவலகப் பையனைக் கீழே அனுப்பி ஏற்கெனவே பார்க்கச் சொல்லியிருந்தார். ஓடுகிறது. விபிஎன்னும் ‘இணைந்தது’ என்று பச்சையாகக் காட்டுகிறது.

திரையில் வந்த செய்தியைப் படித்துக் காட்டினார். தூர அணுக்கம் திறந்து விடப்படாமல் இருக்கலாம், அந்தக் கணினி அணைந்திருக்கலாம், கட்டமைப்பில் இல்லாமல் இருக்கலாம். மூன்று காரணத்தையும் ஒன்றாகச் சொல்லிவிட்டு விண்டோஸ் ஒதுங்கிக்கொள்ளும். காய்ச்சலாக இருக்கலாம், அசதியாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம் என்று சொல்லும் வைத்தியரைப் போல.

முதல் காரணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விண்டோஸ் ‘ஹோம்’ பதிப்பில் இருந்து மற்றக் கணினிக்குப் போகலாம். ஆனால் ஹோம் பதிப்புக் கணினிக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக யாரும் வர முடியாது. அதற்கு ‘புரோ’ போன்ற பதிப்பு வேண்டும். மடிக்கணினி வாங்கும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அக்காவின் அலுவலகக் கணினி புரோதான். அதனால் அது காரணம் இல்லை.

“அக்கா, கறுப்புத் திரையைத் திறந்து ‘பிங்’னு தட்டி, ஆபீஸ் கம்ப்யூட்டர் நம்பரப் போடுங்க.”

போட்டார். 192.168.1.20.

“பதில் வருதே, தம்பி! நாலு தடவை வந்துருச்சு. இழப்பு பூச்சியம்னு போட்டிருக்கு.”

நானும் ஒரு கணம் குழம்பினேன். வரியை முழுசாகப் படிக்கச் சொன்னேன். “192.168.1.7இல் இருந்து பதில்: சேர வேண்டிய கணினியை அடைய முடியவில்லை.”

கவனித்தீர்களா? அவர் கூப்பிட்டது 20ஐ. பதில் சொன்னது 7. யார் அந்த 7? ‘ஐபிகான்ஃபிக்’ என்று தட்டச் சொன்னேன். 7 என்பது அக்கா கையில் இருக்கும் மடிக்கணினியேதான்! தேடிப் பார்த்தேன், ஆளைக் காணோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறது. அதையும் பதில் என்று எண்ணி, இழப்பு இல்லை என்று விண்டோஸ் கணக்குப் போடுகிறது. இந்த வரியைப் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

கோளாறு அங்கேயே பிடிபட்டது. தைப்பிங் வீட்டு வைஃபையும் 192.168.1 என்று தொடங்குகிறது, கிள்ளான் அலுவலகமும் 192.168.1 என்றே தொடங்குகிறது. நம் நாட்டில் எத்தனை தாமானில் ஜாலான் மெலாத்தி இருக்கிறது? ஊர் பெயர் போடாமல் ‘20, ஜாலான் மெலாத்தி’ என்று மட்டும் எழுதினால், தைப்பிங் தபால்காரர் தைப்பிங்கில் உள்ள ஜாலான் மெலாத்தியில்தானே தேடுவார்? கிள்ளானுக்கு ஏன் அனுப்பப் போகிறார்? கணினியும் அப்படித்தான். அந்த எண் பக்கத்து அறையில் இருப்பதாக நினைத்து, விபிஎன் பக்கமே போகவில்லை.

192.168 என்று தொடங்கும் எண்கள் வீடு, அலுவலகம் என யாரும் உள்ளுக்குள் பயன்படுத்திக்கொள்ள விடப்பட்டவை. 1996இல் எழுதப்பட்ட இணைய விதி அது. ரவுட்டர் செய்கிறவர்கள் 192.168.0 அல்லது 192.168.1 என்று வைத்து அனுப்புவது வழக்கம். நாமும் அதை மாற்றுவதே இல்லை. அக்காவின் கிள்ளான் வீடு 192.168.0 என்று இருந்ததால் இரண்டு வருடம் பிரச்சினை தலைகாட்டவில்லை.

இதற்குள் அக்காவின் அண்ணன் மகன் இரண்டு யோசனை சொல்லியிருந்தான். ஒன்று, அலுவலகக் கணினியின் ஃபயர்வாலை அணைத்துவிடுவது. இரண்டு, அலுவலக ரவுட்டரில் 3389 என்ற வாசலை இணையத்துக்கே திறந்துவிட்டு, விபிஎன் இல்லாமல் நேராக உள்ளே போவது. 3389 ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான வாசல் எண். முதல் யோசனையால் பயனில்லை. இரண்டாவதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

காரணம், நானே அதைச் செய்தவன். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது எல்லாருக்கும் வீட்டில் இருந்து வேலை. ஒரு வாடிக்கையாளரின் அவசரத்துக்காக அந்த வாசலைத் திறந்துவிட்டேன். மறுநாள் பதிவேட்டைப் பார்த்தால், எங்கெங்கிருந்தோ யார் யாரோ விடிய விடியக் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்த்திருக்கிறார்கள். பக்கம் பக்கமாகத் தோல்விக் குறிப்புகள். யாரும் நுழைவதற்குள் மூடியது என் அதிர்ஷ்டம், கெட்டிக்காரத்தனம் இல்லை. அதற்கு முந்தைய வருடம், 2019 மே மாதம், பழைய விண்டோஸ் பதிப்புகளில் கடவுச்சொல்லே இல்லாமல் இதே வழியில் நுழையக்கூடிய ஓட்டை ஒன்று வெளிவந்தது. ‘புளூகீப்’ என்று பெயர். ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. பதினோரு கம்பெனி ஊழியர்களின் அடையாள அட்டை எண்ணும் சம்பளமும் இருக்கும் கணினியை அப்படித் தெருவில் வைக்கலாமா?

“வைஃபைய விடுங்க அக்கா. கைப்பேசியில ஹாட்ஸ்பாட் போட்டு, அதுல லேப்டாப்பை இணைச்சிட்டு விபிஎன் போடுங்க.”

அவருடையது ஐஃபோன். அதன் ஹாட்ஸ்பாட் 172.20.10 என்று தொடங்கும் எண்ணைக் கொடுக்கும். அலுவலக எண்ணோடு மோதாது. மறுபடி பிங். இந்த முறை 192.168.1.20 தானே பதில் சொன்னது. (ஃபயர்வால் பிங்கை மட்டும் தடுத்து வைத்திருப்பதும் உண்டு. அதனால் பதில் வராவிட்டால் உடனே கணினி இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.)

ரிமோட் டெஸ்க்டாப் திறந்தது, கடவுச்சொல் கேட்டது. தவறு என்றது. மறுபடியும் தவறு.

“நிறுத்துங்க அக்கா! என்ன தட்டுறீங்க?”

“தினமும் ஆபீஸ்ல தட்டுற நாலு நம்பர்தான்.”

அது பின் எண். அந்த ஒரு கணினிக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் செல்லும். தூரத்தில் இருந்து வரும்போது கணக்கின் உண்மையான கடவுச்சொல்தான் வேண்டும். கிள்ளான் வீட்டுக் கணினியில் அது சேமித்து வைக்கப்பட்டிருந்ததால் அவர் தட்டியதே இல்லை. சும்மா ஊகித்துக்கொண்டே போனால் கணக்கு பூட்டிக்கொள்ளக்கூடும். நல்லவேளை, கைப்பையில் இருந்த குறிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். கடவுச்சொல்லை எழுதி வைக்காதீர்கள் என்று இதே பகுதியில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! அன்று வாயைத் திறக்கவில்லை.

பத்தரைக்கு உள்ளே போய்விட்டார். நிம்மதியாகத் தேநீர் கலக்கப் போனேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி அழைப்பு. அலுவலகத்தில் நின்ற பையன் புலனத்தில் கேட்டிருக்கிறான்: “அக்கா, ஸ்கிரீன் மாறி லாக் ஆயிருச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணட்டுமா?”

தூரத்தில் இருந்து ஒருவர் நுழைந்தால் அங்குள்ள திரை பூட்டிக்கொள்ளும். அதுதான் முறை. அவன் பொத்தானைத் தொட்டிருந்தால், பாதி போட்ட சம்பளக் கணக்கோடு எல்லாம் போயிருக்கும். தொடாமல் மேலே போய்ப் படுக்கச் சொன்னோம்.

பன்னிரண்டேகாலுக்குப் புலனத்தில் ஒரு வரி: “பதினொண்ணும் முடிஞ்சது. அம்மா தூங்குறாங்க.”

அடுத்த சனிக்கிழமை கிள்ளான் போய் அலுவலக ரவுட்டரின் எண்ணை 10.37.14 என்று மாற்றினேன். ரவுட்டருக்கு ஐந்து நிமிடம். பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்த அச்சு இயந்திரத்துக்கும் விபிஎன்னுக்கும் மூன்று மணி நேரம். போன வாரம் மறுபடி தைப்பிங் போன அக்கா, அம்மா வீட்டு வைஃபையிலேயே வேலை பார்த்திருக்கிறார். அம்மாவுக்கு இப்போது பரவாயில்லையாம்.